குரல் நிற்கும் இடம்: ஆய்ச்சியர் குரவையின் இசைநிலை பற்றி

நமது வட்டத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவு விழாவில், கல்லூரி மாணவி ஒருத்தி சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலிருந்து சில அடிகளைப் பாடினாள். நிகழ்ச்சி நிரலில் 'இராகம்: மோகனம்' என்று அச்சிட்டிருந்தோம். நிரலைத் தயாரித்தவன் நான். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், முன்வரிசையில் இருந்த மூத்த கவிஞர் ஒருவர் என்னை அருகழைத்தார்.

"தம்பி, இது மோகனம் என்று இளங்கோவடிகள் எங்கே எழுதியிருக்கிறார்?"

"அறிஞர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள், ஐயா."

"அந்த அறிஞர்களுக்கு யார் சொன்னார்கள்?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்ற ஆவலோடுதான் கேட்டார். என்னிடம் விடை இல்லை. நூல்களில் படித்திருந்தேனேயன்றி, அம்முடிவுக்கு வந்த வழியில் நான் ஒருமுறையும் நடந்து பார்த்ததில்லை. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அன்று தர இயலாமற் போன விடையை இப்போதாவது தர வேண்டும் என்று தோன்றியது. நம்மில் பலர் கவிஞர்கள். எழுதியது பாடப்பட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள். பாட்டின் சொற்கள் தங்கி, பண் மறைந்துபோன பின், அப்பண்ணை எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்ற வினா நம்மையும் தொடுவதே.

தாலாட்டில் தொடங்கிய பிழை

இசைநிலை காண்பது என்றால் என்ன என்பதை எளிய பாட்டு ஒன்றில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிலம்புக்குச் செல்வது நல்லது. என் பதினைந்தாம் வயதில், எங்கள் அப்பத்தா பாடும் தாலாட்டை ஆர்மோனியத்தில் வாசித்துச் சுரப்படுத்த முயன்றேன். மெட்டு மிகவும் சிறியது, ஐந்தே ஒலிகள். பாட்டு எந்த ஒலியில் தொடங்கியதோ அதையே சட்சமாகக் கொண்டு மற்றவற்றை எழுதினேன். மத்தியமாவதி வந்தது. பெருமிதத்தோடு எங்கள் ஊர் இசை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அப்பத்தாவையே அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "தம்பி, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பார்த்திருக்கிறாய். பிள்ளை உறங்கினபின் ஆத்தா எந்த ஒலியில் முனகிக்கொண்டே நிறுத்துகிறார், அதைப் பார்த்தாயா?" என்றார். அப்பத்தா நின்ற ஒலி, தொடங்கிய ஒலிக்கு ஒரு படி கீழே இருந்தது. அதைச் சட்சமாகக் கொண்டபோது அதே தாலாட்டு மோகனம் ஆயிற்று. நான் ஒரு சுரத்தையும் தவறாகக் கேட்கவில்லை. ஐந்தில் எது தலைமை என்பதை மட்டும் தவறவிட்டிருந்தேன்.

ஆர்மோனியத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு ஆகிய வெள்ளைக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்க. ஒன்றைச் சட்சமாகக் கொண்டால் மோகனம். இரண்டைக் கொண்டால் மத்தியமாவதி. மூன்றைக் கொண்டால் இந்தோளம். ஐந்தைக் கொண்டால் சுத்த சாவேரி. ஆறைக் கொண்டால் சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை, இராகம் ஐந்து முறை மாறிவிட்டது. இதைப் பிற்காலத்தார் கிரகபேதம் என்பர். நம் முன்னோர் குரல் திரிபு என்றனர். குரல் என்பது இன்றைய சட்சம். துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன முறையே ரிசபம் முதல் நிசாதம் வரையிலானவை. எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோமோ அதற்கேற்பப் பாலை மாறும் என்பதே பழந்தமிழ் இசையிலக்கணத்தின் அடித்தளம்.

ஆகவே, ஒரு மெட்டின் இசைநிலையைக் காண இரண்டு செய்திகள் தேவை. ஒன்று, அதில் வரும் ஒலிகள் எவை, அவற்றினிடையே தொலைவு எவ்வளவு என்பது. மற்றொன்று, அவற்றுள் எது நிலைக்களம் என்பது. தொடக்க ஒலி பல நேரங்களில் ஏமாற்றும். நின்று இளைப்பாறும் ஒலியும், தம்புராவை மீட்டினால் முரணாமல் தாங்கும் ஒலியுமே நம்பத்தக்கவை. மேனாட்டார் இதனோடு மூன்றாவதாகத் திட்டவட்டமான உயரத்தையும் சேர்ப்பர். 1939இல் இலண்டன் மாநாட்டில் நொடிக்கு 440 அதிர்வு என்று ஓர் ஒலியை அளவுகோலாக வரையறுத்துக்கொண்டதும் இதன் பொருட்டே. நம் மரபில் அது பாடுவோரின் தொண்டையைப் பொறுத்தது. ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் ஐந்தில் பாடினாலும் மோகனம் மோகனமே. குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று சிலப்பதிகார உரையில் இருப்பதைக் கொண்டு மாதவி அரங்கேறிய நாளின் சுருதியைக் கணக்கிட ஆசைப்படுவோர் உண்டு. விரலின் தடிமன் ஆளுக்கு ஆள் வேறு என்பதை நினைத்தால் அந்த ஆசை அடங்கிவிடும்.

மாதரி நிறுத்திய வட்டம்

இனி ஆய்ச்சியர் குரவை. மதுரையின் புறத்தே ஆயர்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆனிரை மெய்ந்நடுங்கி நிற்கிறது. தீநிமித்தம் கண்ட மாதரி, கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு கன்னியரை நிறுத்தி, அவர்களுடைய இயற்பெயர்களை நீக்கி, குரல் முதல் தாரம் வரை ஏழு நரம்பின் பெயர்களை இடுகிறாள். மேற்குத் திசை முதலாக, இடமுறையாக அவர்கள் நிற்கின்றனர் என்று காப்பியம் கூறுகிறது.

அடுத்து மாதரி செய்வது கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. குரலானவளை மாயவன் என்கிறாள். இளியானவளைப் பலராமன் என்கிறாள். துத்தமானவளை நப்பின்னை என்கிறாள். மாயவனுக்கு இருபுறமும் துத்தமும் தாரமும் நிற்க, பலராமனுக்கு இருபுறமும் உழையும் விளரியும் நிற்க, பின்னைக்கு இடப்பக்கத்தில் கைக்கிளை நிற்பதாக வரிசையும் சொல்லப்படுகிறது. ஏழுபேர் வட்டமாக நின்றால் தாரத்துக்கு அடுத்தவள் மீண்டும் குரல்தான். ஏழு நரம்பும் முடிந்தபின் முதல் நரம்பே மேல் தானத்தில் தோன்றும் உண்மையை ஏழு பெண்களின் கைகோத்த வட்டமே காட்டிவிடுகிறது.

பாட்டு தொடங்கும்போது, குரல் மந்தமாகவும், இளி சமனாகவும், துத்தம் வலிவாகவும் எடுக்கப்படுகின்றன. விளரி மந்தமாகப் பிடிக்கப்படுகிறது. மந்தம், சமன், வலிவு என்பன தாழ்ந்த, இடைநிலை, உயர்ந்த தானங்கள். பாடப்போவது முல்லைக்குரிய இனிய பாணி என்றும் கன்னியரே சொல்லிவிடுகின்றனர். இசைநிலை காண இளங்கோவடிகள் நேராக நமக்குத் தந்திருப்பவை இவ்வளவே. சுரக்குறிப்பு ஒன்றும் இல்லை.

அலகு என்னும் புதிர்

நரம்புகளினிடையே உள்ள தொலைவுக்கு உரையாசிரியர்களை நாடவேண்டியிருக்கிறது. அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்குநல்லாரும் காப்பியம் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் எழுதியவர்கள். பெருநாரை, பெருங்குருகு முதலிய பழைய இசைநூல்கள் இறந்துபட்டன என்று அடியார்க்குநல்லாரே உரைப்பாயிரத்தில் கூறுகிறார். எனவே அவருக்கும் இழப்பின் நடுவில்தான் வேலை. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரைகளோடு பதிப்பித்திராவிடில் நமக்கு அதுவும் இராது.

உரைவழி கிடைக்கும் ஒரு பழம் வெண்பா, குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்று அலகு வகுக்கிறது. கூட்டினால் 22. பரத நாட்டிய சாத்திரத்தின் சட்ச கிராமத்திலும் மொத்தம் 22 சுருதிகளே. ஆனால் அங்கே வரிசை 4, 3, 2, 4, 4, 3, 2. கூட்டுத்தொகை ஒன்றாக இருப்பதைக் கண்டு இரண்டும் ஒன்றென மயங்குவோர் இன்றும் உளர்.

வெண்பா அலகைச் சொன்னதே தவிர, அதை எப்படி எண்ணுவது என்று சொல்லவில்லை. துத்தத்துக்கு நான்கு என்றால், குரலிலிருந்து ஏறித் துத்தத்தை அடையும் தொலைவு நான்கா? அல்லது துத்தத்தை விட்டுக் கைக்கிளைக்குச் செல்லும் தொலைவு நான்கா? நான்கும் மூன்றும் முழுப்படி, இரண்டு அரைப்படி என்று கொண்டு இரண்டு விதமாகவும் கட்டைகளில் வைத்துப் பார்த்தேன். முன்தொலைவாக எண்ணினால் முழு, முழு, அரை, முழு, முழு, அரை, முழு என்று வருகிறது, அது அரிகாம்போதி. பின்தொலைவாக எண்ணினால் முழு, முழு, முழு, அரை, முழு, முழு, அரை, அது மேசகல்யாணி. ஒரே ஏழு எண்கள், ஒரே வெண்பா, இரண்டு இராகங்கள். ஆதாரம் கையில் இருந்தும் முடிவு கைக்கு எட்டாத நிலை இதுதான். இரண்டு முறையிலும் குரலுக்கும் இளிக்கும் தொலைவு 13 அலகாகவே வருவதால், அந்த உறவைக் கொண்டும் தீர்ப்புக் கூற முடியாது.

இவ்விடத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் இசைத்தமிழ் ஆராய்ச்சி முழுவதும் வந்து முட்டி நின்றது. தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குச் சென்று, தமிழரின் இசை முறையில் அலகுகள் 22 அல்ல, 24 என்று வாதிட்டார். 1917இல் கருணாமிர்த சாகரத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். இராசிகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு அலகு, ஆக 24 என்பது அவருடைய கணக்கு. 24 என்ற எண்ணை ஏற்காதவர்களும், வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்துப் பார்க்கும் முறையை அவர் முன்னிறுத்தியதற்கு நன்றி பாராட்டத்தான் வேண்டும். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கணிதமும் அறிவியலும் பயின்றவர். யாழ் நரம்புகளின் அளவைப் பின்னங்களாகக் கணக்கிட்டு யாழ் நூலை எழுதினார். அந்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். செம்பாலை இன்றைய எந்த மேளம் என்பதில் சங்கராபரணம் என்று கொண்டோரும் அரிகாம்போதி என்று கொண்டோரும் இருந்தனர். பின்வந்த எஸ். இராமநாதனும் வீ.ப.கா. சுந்தரமும் அரிகாம்போதி என்றே நிறுவினர். இராமநாதன் வாய்ப்பாட்டு வல்லுநர். சிலப்பதிகார இசையை அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். தாம் எழுதியதைப் பாடியே காட்ட வல்லவர். முல்லைப்பண் மோகனமே என்ற கருத்து பரவியதற்கு அவரே பெரிதும் காரணம்.

இரண்டு சாட்சிகள்

அரிகாம்போதியா கல்யாணியா என்ற வழக்கில் நான் நம்பத்தக்கவையாகக் காணும் சாட்சிகள் இரண்டு. இரண்டும் பழைய உரைகளிலேயே மேற்கோளாகக் கிடப்பவை.

முதலாவது, நரம்புகளின் பிறப்பைக் கூறும் வெண்பா. தாரத்தில் உழை பிறக்கும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதற்கு ஐந்தாம் நரம்பு. யாழுக்கு நரம்பு கூட்டுவோர் இன்றும் வீணைக்குச் செய்வது போலச் சட்ச பஞ்சமப் பொருத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு அடுத்த நரம்பைக் கட்டினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஐந்தாம் நரம்பு பொருந்த வேண்டுமாயின் இடையே 13 அலகு இருத்தல் வேண்டும். முன்தொலைவாக எண்ணிய வரிசையில், தாரத்திலிருந்து உழை 13, உழையிலிருந்து குரல் 13, குரலிலிருந்து இளி 13, இளியிலிருந்து துத்தம் 13, விளரியிலிருந்து கைக்கிளை 13. துத்தத்திலிருந்து விளரி மட்டும் 12 வருகிறது. பின்தொலைவாக எண்ணினால் ஏனைய ஐந்தும் சரியாக 13 வந்துவிடுகின்றன. உழையிலிருந்து குரல் மட்டும் 11 வருகிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "இரண்டிலும் ஒரு குறை இருக்கிறதே, பின் எப்படித் தீர்ப்பு?" என்று கேட்கலாம். முறையான கேள்வியே. எண்ணில் இரண்டும் குறைதான், காதில் ஒன்றல்ல. ஓர் அலகு குறைவு என்பது நுண்ணிய செவியே உணரும் மயிரிழை. நரம்பு கூட்டுவோன் முறுக்காணியைச் சற்றே திருப்பிச் சரிசெய்துகொள்வான். இரண்டு அலகு குறைவு என்பது முழு அரைப்படி. பஞ்சமம் இருக்கவேண்டிய இடத்தில் பிரதிமத்திமத்தை மீட்டினால் எப்படியிருக்குமோ அப்படி. அந்த ஒலியில் குரல் 'பிறந்தது' என்று எந்த யாழ்ப்பாணனும் சொல்லமாட்டான். மேலும், பிறப்பு வரிசை தாரத்தில் தொடங்கியதற்கும் காரணம் அரிகாம்போதியில்தான் கிடைக்கிறது. கல்யாணியாயிருப்பின் குரலிலிருந்தே தொடங்கித் தாரத்தையும் உழையையும் கடைசியில் பெற்றிருப்பர். சங்கராபரணமாயிருப்பின் உழையில் தொடங்கித் தாரத்தில் முடித்திருப்பர். தாரம் முதலாகக் கைக்கிளை ஈறாக ஏழும் பொருந்துவது அரிகாம்போதி ஒன்றிலேயே.

இரண்டாவது சாட்சி இராசி வட்டம். துலாத்தில் குரல், தனுசில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிங்கத்தில் தாரம் என்று ஒரு பழஞ்சூத்திரம் நிறுத்துகிறது. இங்கே அலகு எண்ணும் குழப்பமே இல்லை. துலாத்திலிருந்து தனுசு இரண்டு வீடு, கும்பம் இரண்டு வீடு, மீனம் ஒரு வீடு, இடபம் இரண்டு, கடகம் இரண்டு, சிங்கம் ஒன்று, மீண்டும் துலாம் இரண்டு. முழு, முழு, அரை, முழு, முழு, அரை, முழு. முதற் சாட்சி சொன்னதையே, அதை அறியாத இரண்டாம் சாட்சியும் வேறு மொழியில் சொல்கிறது.

இதை வரைந்து பார்த்த இரவில் கண்ட ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கிழக்கில் மேடத்தை வைத்து வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால், ஏழாம் வீடாகிய துலாம் நேர் எதிரே மேற்கில் அமையும். மாதரி குரலானவளை நிறுத்தத் தொடங்கிய திசையும் மேற்கே. இதை நான் சான்றாக வைக்கவில்லை. உரையாசிரியர் காப்பியத்தைப் பார்த்தே சூத்திரத்தைப் பொருத்தியிருக்கக் கூடும். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஏழிலிருந்து ஐந்துக்கு

வட்டம் அரிகாம்போதி என்றாயிற்று. பாடலோ முல்லைத்தீம்பாணி. அரிகாம்போதியின் ஏழிலிருந்து மோகனத்தின் ஐந்துக்கு வருவது எங்ஙனம்?

பாட்டெடுக்கும் இடத்தில் பெயர் சொல்லப்படும் நரம்புகள் நான்கு: குரல், இளி, துத்தம், விளரி. பிறப்பு வரிசையில் இந்நான்கும் இதே ஒழுங்கில் அடுத்தடுத்து வருவதைக் காண்க. குரல் மந்தம், அதன் ஐந்தாவதாகிய இளி சமன், அதன் ஐந்தாவதாகிய துத்தம் வலிவு என்று தானம் ஏறிச் செல்கிறது; நான்காவதாகிய விளரி அதற்கும் மேலே ஏற முடியாத உயரமாதலால் மந்தத்துக்கு இறக்கப்படுகிறது. பாடிப் பழகியவர் இதை எளிதில் உணர்வர். மனிதத் தொண்டைக்குள் அடங்கும் வகையில் அடிகள் அமைத்திருக்கிறார். இன்றைய பெயரில் ச, ப, ரி, த. வரிசையில் அடுத்தது கைக்கிளை. அதையும் சேர்த்தால் ச ரி க ப த, மோகனம். இராமநாதன் முதலியோர் கொண்ட முடிவின் உள்ளீடு இதுவே என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது.

ஆனால், கைக்கிளை அவ்விடத்தில் பெயர் சொல்லப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சங்கிலியை முன்னோக்கி நீட்டியதால் கைக்கிளை வந்தது. பின்னோக்கி நீட்டினால், குரலைப் பிறப்பிக்கும் உழை வந்து சேரும். அப்போது ச ரி ம ப த, சுத்த சாவேரி. இரண்டுள் கைக்கிளையையே நான் தேர்வது இரண்டு காரணம் பற்றி. குரலில் தொடங்கி மேன்மேலும் பிறப்பித்துச் செல்லும் நடையை அடிகளே அவ்விடத்தில் காட்டிவிட்டார். நான்கு படி ஏறியவர் ஐந்தாம் படியையும் மேலேயே வைப்பார். அன்றியும், நப்பின்னைக்கு இடப்பக்கத்தில் நிற்பவள் கைக்கிளை என்று அவளைத் தனியே சுட்டுகிறது காப்பியம். இவை வலிய சார்புகள். முடிந்த முடிவுகள் அல்ல.

இனி, ஐந்தும் கிடைத்துவிட்டாலும் அவற்றுள் எது தலைமை? தாலாட்டில் நான் தவறிய இடம் இது. இதே ஐந்து நரம்பையும் துத்தம் குரலாகப் பாடினால் மத்தியமாவதியாகிவிடும். அப்பத்தாவை அழைத்துப் பாடச் சொன்னதுபோல் மாதரியை அழைக்க வழியில்லை. ஆனால் மாதரி தலைமையை வேறொரு வகையில் அறிவித்துவிட்டாள். குரலுக்கு மாயவன் என்று பெயரிட்டாள். அந்த ஆட்டத்தில் மற்றெவரும் அவனைச் சுற்றியே நிற்கின்றனர். பாட்டும் அவனைப் பற்றியதே. குரலோடு என்றும் பிரியாது ஒலிக்கும் ஐந்தாம் நரம்பாகிய இளிக்கு உடன்பிறந்தான் பெயர். குரலை அடுத்து நிற்கும் துத்தத்துக்கு நப்பின்னையின் பெயர். தம்புராவில் இன்று நாம் மீட்டுவதும் சட்சமும் பஞ்சமமுமே. சுரக்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லாத இடத்தில், உறவுப் பெயர்களைக் கொண்டே ஆதார சுருதியைக் குறித்துவைத்திருக்கிறார் ஒரு கவிஞர். இசையறிஞர்கள் அலகுக் கணக்கில் செலவிட்ட உழைப்பில் சிறிதளவு இப்பெயர்களுக்கும் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

சாதாரி என்னும் தடை

இத்துடன் முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும், நேர்மையாக இராது. அகப்பொருள் நூல்களின் கருப்பொருள் வரிசையில் முல்லைக்குரிய பண் சாதாரி. அந்தச் சாதாரி தேவாரப் பண்களுள் ஒன்றாக இன்றும் ஓதப்படுகிறது. ஓதுவார்கள் அதைப் பாடுவது பந்துவராளியில். பந்துவராளிக்கும் மோகனத்துக்கும் உறவு மிகத் தொலைவு: ரிசபம் தாழ்ந்தது, மத்திமம் உயர்ந்தது, தைவதம் தாழ்ந்தது. முல்லைப்பண் மோகனமானால் சாதாரி ஏன் பந்துவராளி ஆயிற்று?

தேவாரப் பண்களின் வரலாற்றை நோக்கினால் ஒருவாறு விளங்கும. ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டபின், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண் அடைவு செய்யப்பட்டது என்பது திருமுறை கண்ட வரலாறு. அதாவது, அக்காலத்திலேயே பண் ஒரே ஒரு குடும்பத்தின் செவியில்தான் எஞ்சியிருந்தது. அதன்பின் எத்தனை நூற்றாண்டு! தமிழிசைச் சங்கம் 1943இல் தோன்றி, 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி, ஓதுவார்களையும் வித்துவான்களையும் எதிரெதிரே அமர்த்திப் பாடச்செய்து வழக்கிலுள்ளவற்றைப் பதிவுசெய்தது. பதிவானது இருபதாம் நூற்றாண்டின் வழக்கு. செவ்வழியென்னும் தேவாரப் பண்ணை இன்று யதுகுலகாம்போதியில் ஓதுகின்றனர். கைக்கிளையைக் குரலாக்கிப் பெறும் செவ்வழிப்பாலையோ இளிக்குச் சரியான இடமே இல்லாத ஏழிசை. பெயர் நிலைத்து, பெயருக்குரிய ஒலி இடம்பெயர்ந்துவிட்டது. சாதாரிக்கும் அப்படி நேர்ந்திருக்கலாம். ஆனால், நமக்கு இசைவான இடத்தில் ஓதுவார் மரபைப் போற்றுவதும், இடறும் இடத்தில் திரிந்தது என்று தள்ளுவதும் ஆராய்ச்சியாகாது. ஆதலால் இத்தடையை நீக்காமல் இங்கேயே வைக்கிறேன்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் ஆய்ச்சியர் குரவையின் ஒரு பகுதியை இராகமாலிகையாகப் பாடி உலகறியச் செய்தார். அதைக் கேட்டு எவரும் இளங்கோவடிகளின் மெட்டு இதுவே என்று எண்ணியதில்லை. பாடியோரும் அப்படிச் சொல்லவில்லை. மோகனம் என்று அச்சிட்டபோது நாம் அறியாமலே அதைச் சொல்லிவிட்டோம்.

மூத்த கவிஞரிடம் இக்கட்டுரையின் கையெழுத்துப்படியைக் கொண்டுசென்று காட்டினேன். இராசி வட்டத்தை இரண்டு முறை விரலால் சுற்றிப் பார்த்தார். "மாயவன் பெயரில் சட்சத்தை ஒளித்துவைத்தாரா?" என்று கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நிரலை மாற்றிவிடு, தம்பி" என்றார்.

இம்மலர் வெளியீட்டு விழாவில் அதே பாடலை, இப்போது ஆசிரியையாகப் பணிபுரியும் அதே பெண் பாடவிருக்கிறார். நிரலில் இராகப் பெயர் இராது. 'குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி. குரலே குரலாக' என்று அச்சிட்டிருக்கிறோம். கைக்கிளை என்ற சொல்லை மட்டும் பிறை அடைப்புக்குள் இட்டிருக்கிறோம்.